பிரிக்காமல் விட்ட படகு

வீடு எனக்கு வந்தது. பிக்கப் வண்டி டெல்மருக்கு.
நாய் யாருக்கு என்று கேட்டார்கள்.
நாய் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.
படகைப் பற்றி மட்டும்
இரண்டு வக்கீல்களும் வாய் திறக்கவில்லை.
பதினாறடி அலுமினியம்,
பின்பக்கம் கோணலாய்ப் பற்றவைத்த தழும்பு,
பதிவுத்தாளில் இரண்டு பெயரும்
இன்னும் ஒரே வரியில்.

அதனால்தான் ஜூலை மாத வியாழக்கிழமைகளில்
ரெய்னி ஆற்றில்
வால்ஐ மீனுக்குப் போகிறோம்.

வேகம் என்று எதுவும் இல்லை.
கரையில் நடக்கிற ஆள் முந்திவிடுவான்.
எஞ்சினைத் தொண்டைக்குள்ளேயே உறுமவிட்டு
நீரோட்டத்துக்கு எதிரே ஏறுகிறான்.
நூற்றிருபது அடி பின்னால்
நொண்டிக்கொண்டே வருகிறது என் போலிமீன்.
அடிபட்டதுபோல நடிப்பதுதான் அதன் பிழைப்பு.
கழியின் நுனி படபடத்துக்கொண்டிருந்தால்
அடியில் எல்லாம் சரி.
நின்றுவிட்டால், களை.
சுற்று, பிடுங்கு, மறுபடி விடு.
மூன்று மணி நேரமாய் இதுதான் பேச்சு:

"களை."
"ம்."
"பதினான்கு அடி ஆழம்."
"ம்."

இடப்பக்கம் கனடா.
வலப்பக்கம் நாங்கள் ஓட்டுப்போடுகிற நாடு.
நடுவில் ஒரு கோடு ஓடுகிறதாம்,
வரைபடம் சொல்கிறது, தண்ணீர் சொல்வதில்லை.
இரண்டு கரைக்கும் உரிமம் வைத்திருக்கிறான் அவன்.
என்னிடம் ஒன்றுதான்.
கோட்டைத் தாண்டாமல்
என் பக்கமாகவே ஓட்டுகிறான்,
இருபத்திரண்டு வருடம்
என் பக்கம் எது என்று கேட்காதவன்.

போன வாரம் பூச்சி கிளம்பியது.
ஈசல் மாதிரி, ஆனால் ஈசல் இல்லை.
தின்ன வாய் இல்லாமல் பிறந்து
ஒரு ராத்திரி பறந்து விழுகிறது.
பாலத்தின்மேல் வழுக்காமல் இருக்க
பனி வாருகிற மண்வெட்டியால் அள்ளிக்கொட்டினார்கள்.
"மீனெல்லாம் வயிறு நிறைஞ்சு கிடக்கு" என்றான்.
"யாருக்குத்தான் பசி" என்றேன்.

மணி ஒன்பதேகால். வெயில் இன்னும்
பைன் மரங்களின் இடுப்பில்.
கொசு மருந்தை அவன் நீட்ட, நான் வாங்க,
கழி வளைந்தது.

களை இப்படி இழுக்காது.
களைக்குத் தலையாட்டத் தெரியாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு வலையை எடுத்தான்.
எனக்கு அடிவயிறு இறுகியது.
கல்யாணமான மூன்றாம் கோடையில்
என் வாழ்நாளின் பெரிய மீனை
வலை விளிம்பால் தட்டிவிட்டவன் இவன்தான்.
வக்கீலிடமும் சொன்னேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் வந்தது கண்.
தேயிலைச் சாறுபோன்ற தண்ணீருக்கு அடியிலிருந்து
யாரோ டார்ச் அடித்ததுபோல.
பிறகு பொன்னும் பாசியும் கலந்த விலா,
வால் நுனியில் வெள்ளைப் பொட்டு.
இந்தத் தடவை
தலைப்பக்கமாய் வலையை இறக்கி
சத்தமில்லாமல் தூக்கினான்.

அளவுப்பலகையில் கிடத்தினோம்.
சட்டம் விடுவதைவிட ஒரு விரல் நீளம்.
ஒரு விரல்தானே என்று
இருவருமே நினைத்திருப்போம்.
யாரும் சொல்லவில்லை.

ஓட்டத்துக்கு முகம் காட்டி
தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தான்.
வெளிச்சத்துக்குக் கூசுகிற அந்தக் கண்ணுக்கு
தன் தொப்பியின் நிழலைக் கொடுத்தபடி.
ஒரு உதறல். போய்விட்டது.
முதுகுமுள் கிழித்த கட்டைவிரலை
வாயில் வைத்துக்கொண்டான்.
மருந்துப்பெட்டி என் இருக்கைக்கு அடியில்,
எப்போதும் இருக்கிற இடத்தில்.
எடுத்துக் கொடுத்தேன்.

மறுபடி தூண்டில், மறுபடி உறுமல்,
நூற்றிருபது அடி.

"வாரோட்டில் ஒருத்தன் படகைக் கேக்கிறான், ஆர்லிஸ்.
நல்ல விலை."

கழியின் நுனி
படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.
அவன் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"களை" என்றேன்.

வேகத்தைக் குறைத்தான்.
சுற்றத் தொடங்கினேன், அவசரமில்லாமல்.
கொக்கியில் ஒன்றுமே இல்லை.
உதற வேண்டியதுபோல உதறி
மறுபடி விட்டேன்.

"ம்" என்றான்.