விலக்கப்பட்ட பரப்பு

சின்னத்துறையில் இரவு இரண்டு மணி.
ஜெனீவாவில் பத்தரைதான்.
யாரோ காபிக் கோப்பையோடு திரைக்குள் வந்து
"பெட்டியைத் திறக்கலாமா?" என்கிறான்.
இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டு அடங்குகிறது.
திறந்தோம்.

மூன்று வருடம் கண்ணை நாங்களே கட்டிக்கொண்டு
பார்க்காமல் வைத்திருந்த மோதல்கள்.
பழைய துகள்கள் மட்டும் என்றால் பதினொன்று வரவேண்டும்.
வந்தது பன்னிரண்டு.
அந்த ஒன்றை நம்பி
எதற்கும் பெயர் வைக்க முடியாது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு யாரோ
மைக்கை அணைக்க மறந்து கொட்டாவி விட்டார்கள்.

நாங்கள் தேடுவது தடம் விடாதது.
உணரியின் எந்த அடுக்கையும் தொடாமல் போய்விடும்.
மற்றதெல்லாம் ஒரு பக்கமாய்ச் சிதறிக் கிடக்க
மறுபக்கம் கணக்கு இடிக்கும்.
இடிக்கிற அளவுதான் அது.

டெல்மா மைனி கட்டன்சாயா கொண்டு வைக்கிறாள்.
மூணு மணிக்கு அவளுக்குத் தேங்காப்பட்டணம் ஏலம்.
"ஒண்ணும் கிட்டலியா பிள்ளே?"
"கிட்டல."
"பின்ன என்னத்த எழுதுவிய?"

வரைபடத்தைக் காட்டுகிறேன்.
ஒரு வளைகோடு. அதற்கு இந்தப் பக்கம் முழுக்க நீலம்.
நீலத்துக்குள் அது இல்லை,
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி.

மைனி குனிந்து பார்க்கிறாள்.
இந்த மாதிரி ஒன்றை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.
அண்ணனுக்க போட்டு திரும்பாத வருஷம்
துறைமுக ஆபீஸ் மேசையில் கடலைக் கட்டம் கட்டமாய் விரித்து
ஹெலிகாப்டர் போய்வந்த கட்டத்தையெல்லாம்
ஒருவர் நீல மையால் அடித்துக்கொண்டே வந்தார்.
லட்சத்தீவு தாண்டி ஏழு கட்டம் மீதி இருந்தபோது
பேனாவை மூடினார்.

சர்ட்டிஃபிகேட் பிறகு வந்தது.
ஷாலுவின் பாலிடெக்னிக் பீஸுக்கு அது வேண்டியிருந்தது.
அதிலும் "இறந்ததாகக் கருதப்படுகிறது" என்றுதான்.
நாங்களும் "இல்லை" என்று எழுதமாட்டோம்.
"காணப்படவில்லை."

"நீலம் அடிக்காத எடத்துல?"
"எங்க மெஷினுக்கு எட்டாது மைனி. பெரிசு கட்டணும்."
"கட்டுவினுமா?"
"இருபது வருஷம் ஆகும். பணம் கிட்டணும்."

ஈரம் துடைத்த விரலை
வெள்ளையின் மேல் வைத்தாள்.
தொடுதிரை. வெள்ளை விரிந்து விரிந்து
கோட்டைத் தள்ளி, நீலத்தைத் தள்ளி
விளிம்புவரை வந்து நின்றது.

தெருமுனையில் ஐஸ் வண்டி ஆரன் அடித்தது.
சும்மாட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"உன் திரையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்,"
ஜெனீவாக்காரன் சொல்கிறான்,
"என்ன காட்டுகிறாய் அதில்?"