டோல்கேட்டுக்கு முன்னால்

திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரி.
ராத்திரி இரண்டே கால்.
சீட்டில் தனஞ்செயன் மாசி என்று எழுதியிருக்கிறது.
அவன் தனுர்ஜய் மாஜி. கோராபுட்காரன்.
தோப்பூரில் கம்பி கட்டுகிறவன்.
குளிர் தூக்கிப் போட்டதில் கை ஆடி
முதல் சொட்டு என் கோட்டில் விழுந்தது.
இரண்டாவதைத்தான் கண்ணாடியில் வாங்க முடிந்தது.

சாயம் கழுவிக் காயவைத்து
ஒரு துளி எண்ணெய் விட்டுக் குனிகிறேன்.
வளையங்கள்.
கல் பதித்த மோதிரம் போல;
சிலவற்றில் இரண்டு கல்.
எல்லாம் பொடிசு.
வளர்ந்தது ஒன்றுகூடக் கண்ணில் படாது.
எங்கே போயிருக்கும் என்று
பதினேழு வருஷமாக எனக்குத் தெரியும்.

கப்பலூர் டோல்கேட் வருவதற்குள்
உள்ளூர் வண்டி சந்தில் திரும்பிவிடுமே,
அதுதான்.
மண்ணீரல் ஒரு டோல்கேட்.
நெளிந்து கொடுக்கிற சிவப்பணுவைப் போகவிடும்.
விறைத்துப்போனதை ஓரங்கட்டும்.
வளர்ந்த கிருமி அந்தப் பக்கமே போகாது.
தான் ஏறிய அணுவின் மேல் பிசின் முளைக்க வைத்து
ஏதாவதொரு ரத்தக்குழாய்ச் சந்தில்
சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.
அது மூளைக்குப் போகும் சந்தாக இருந்தால்
விடியக் காத்திராமல்
மதுரைக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிடுவோம்.

மற்ற அணுக்களின் வீட்டில் கள்ளன் புகுந்தால்
அவன் சட்டைக் கிழிசல் ஒன்றையாவது
வாசலில் தொங்கவிடும்.
ரோந்து வருகிற வெள்ளணு கண்டுகொள்ளும்.
சிவப்பணுவுக்கு அந்த வழக்கம் இல்லை.
ஆளை உள்ளே வைத்துக்கொண்டு
வாய் திறக்காமல் ஓடும்.
வெளியே தெரிகிற பிசினை அடையாளம் பிடித்து
உடம்பு ஆன்டிபாடி தைத்து முடிக்கும் நாளில்
கிருமி வேறு சட்டையில் இருக்கும்.
அறுபது சட்டை வைத்திருக்கிறது.

காய்ச்சலைக் கிருமி மூட்டுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம்.
இல்லை,
அணுக்கள் வெடித்துச் சிதறும்போது
வெள்ளணுக்கள் போடுகிற கூச்சலில்
உடம்பே ஏற்றிக்கொள்ளும் உலை அது.
இதோ லென்சுக்குக் கீழே ஒரு வெள்ளணு:
தின்றது செரிக்காமல்
வயிற்றில் பழுப்புத் துணுக்குகளோடு
பந்தியிலிருந்து எழ முடியாதவன் மாதிரி.

மாத்திரை உள்ளே போய்
இரண்டாம் நாள் தெளிந்து பேசினான்.
ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வயிறு இப்படியாம்.
கையை முன்னால் வளைத்துக் காட்டினான்.
காய்ச்சலோடு ஆடு மேய்ப்பார்களாம்,
காய்ச்சலோடு ஆற்றில் குதிப்பார்களாம்,
பெரியவன் ஆன பிறகு அதுவும் வந்ததில்லையாம்.
ஆறு வருஷமாக இங்கே.
தங்கச்சி கல்யாணத்துக்கு இருபது நாள் போனான்.
திரும்பிய பத்தாம் நாள் இந்தக் கட்டில்.

"அக்கா, எங்க ஊர் கொசு
என்னை மறந்துடுச்சா?"

கொசு மறக்கவில்லை, தனுர்ஜய்.
அது எதையும் நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை.
உன் உடம்புதான்.
அடிக்கடி கடி வாங்கினால்தான் அந்தப் பாடம் நிற்கும்.
ஆறு வருஷம் வாங்காத கடி
ஆறு வருஷம் திறக்காத நோட்டு.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"அடுத்த தடவை மாத்திரை போட்டுட்டுப் போங்க" என்றேன்.
"வீட்டுக்குப் போறதுக்கா?" என்றான்.
டாக்டர் ஹசீனா பேனாவை மூடிவிட்டுச்
சிரிக்கலாமா என்று பார்த்தார்.

ஏழாம் நாள் ஸ்லைடில் வளையம் இல்லை.
ரொம்ப நேரம் தேடி
ஒரு மூலையில் பிறை ஒன்று கண்டேன்.
அதனால் காய்ச்சல் வராது. யாரையும் தொந்தரவு செய்யாது.
வாகனம் வருமென்று ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.
அதற்குக் கோராபுட் கொசுதான் வேண்டுமென்றில்லை.
திருமங்கலத்துக் கொசு போதும்.
ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல்
மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன்.
எங்கள் சின்டெக்ஸ் மூடி
பாதி திறந்து கிடந்தது.