இஸ்பேட் ஏழு

மேம்பாலத்தின் மேல் கார்களை ஏற்றி நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள்.
வேளச்சேரியில் எங்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை.
மழை இன்னும் வரவில்லை.
கொடியில் துணி அசையாமல் தொங்குகிறது.

தணிகைவேல் பட்டியலைச் சத்தமாக வாசிக்கிறார்:
பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு,
மிதுனாவின் மார்க்ஷீட்,
ஆஸ்துமா பம்பு இரண்டு, டார்ச், பன்.
ஒவ்வொன்றுக்கும் நான் "ம்" போட வேண்டும்.
"ம்" போட்டபடியே
பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து
ஒரு சோப்பு டப்பாவை உள்ளே தள்ளுகிறேன்.
"அது என்ன?"
"விளையாட்டுச் சாமான்."
"பொழைக்கப் போறோமா, பிக்னிக் போறோமா?"

போன முறை அவர் திருச்சியில் மாட்டிக்கொண்டார்.
அவருக்குத் தெரியாது,
வெள்ளம் என்பது முக்கால் மணி நேரம்தான் தண்ணீர்,
மிச்சம் ஐம்பது மணி நேரம்
சும்மா உட்கார்ந்திருப்பது என்று.

மிதுனா மூன்று விதி வைத்திருக்கிறாள்.
சார்ஜ் கேட்கக் கூடாது.
சிக்னல் கேட்கக் கூடாது.
நனைந்தால் அழக் கூடாது.
மூன்றாவதில் நானே தேற மாட்டேன்.

டப்பாவுக்குள்
புளியங்கொட்டை ஆறு,
பால்கனி சிமெண்டில் ஒரு பக்கம் தேய்த்து
அவளே வெள்ளையாக்கியவை.
காய்களுக்கு அறுந்த சட்டைப் பொத்தான்கள்.
தாயக் கட்டம், ஃப்ளெக்ஸ் பேனர் துண்டின் பின்பக்கத்தில்
மார்க்கரால் போட்டது.
திருப்பினால் ஒரே ஒரு கண் தெரியும்,
வார்டுக்கு நின்ற யாருடையதோ.
அடியில்
ரப்பர் பேண்டு போட்ட பதின்மூன்று சீட்டு.

அவற்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாடி வீட்டு எத்திராஜுலுவோடு
மோட்டார் சுவிட்சு தகராறில்
பதினோரு மாதம் பேச்சில்லை அப்போது.
கட்டில் காலைத் தண்ணீர் தொட்ட இரவு
பாதிப் படி இறங்கி வந்து
"பாப்பாவக் குடுங்க" என்றார்.
அவ்வளவுதான் சமாதானம்.

மறுநாள் செல்போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.
எல்லாரும் கறுத்த கண்ணாடியைத்
தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தோம்.
அவர் மனைவி கஸ்தூரி
பூஜை அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு
ஒரு சீட்டுக்கட்டை எடுத்தாள்.
"இவருக்குத் தெரியாம வெச்சிருந்தேன்" என்றாள்,
அவர் எதிரிலேயே.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று கை ரம்மி.
கரண்ட் பில் கார்டின் பின்னால்
மிதுனா புள்ளி எழுதினாள்.
எத்திராஜுலு போங்கு ஆடினார்.
நானும்தான்.
தரமணியில் அவர் டயர் கடை மூழ்கிக் கிடந்தது,
அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"ஜோக்கர வெச்சிக்கிட்டு முழிக்காதீங்க, எறக்குங்க" என்றார்.

இஸ்பேட் ஏழு வந்தால் எனக்கு ஷோ.
அவர் முறை.
ஒரு சீட்டை உருவினார், இறக்கவில்லை,
கீழே இருட்டில் ஃபைபர் படகு சுவரில் இடித்தது.
"கொயந்த கீதா? எறங்கு, எறங்கு!"
பிள்ளையைப் பிடித்தேன், பையைப் பிடித்தேன்.
சீட்டுகளை ரெயின்கோட்டுக்குள் செருகியது
நானில்லை, என் கை.

பிறகு துண்டு விரித்து இஸ்திரி போட்டேன்.
ஆட்டின் ராஜாவுக்கு மீசை கரைந்துவிட்டது.
திருப்பிக் கொடுத்திருக்கலாம்,
பதினான்கு படிதான்.
மோட்டார் சண்டை ஜனவரியிலேயே மறுபடி தொடங்கிவிட்டது;
ஆனால் காரணம் அதுவல்ல.
கொடுத்தால் என் கையைப் பார்த்துவிடுவார்கள்.
ஆட்டம் இன்னும் முடியவில்லையே.

மணி பதினொன்று.
மேலே எதையோ இழுத்து நகர்த்துகிறார்கள்,
கனமான எதையோ, சுவரிலிருந்து.
மிதுனா தூங்கவில்லை.
"அம்மா, யாரு எறக்கணும்?"
"அவருதான்."
"டார்ச்சுக்கு வேற பாட்டரி எடுத்தியா?" என்கிறார் தணிகைவேல்.
"ம்."