மழைக்கு மறுநாள்

லாபிஸில் நேற்று ராத்திரி மழை.
செம்பனைக் காட்டுச் சகதியெல்லாம்
ஆற்றில் இறங்கி
பால் விடாத தேநீர் நிறத்தில்
எங்கள் தொட்டிக்கு வந்தது.

ரொஸ்லான் மீட்டரைப் படித்தான்,
நான் வால்வைத் திருகினேன்.
மழைக்கு மறுநாள் குளோரின் கூடும்.
அது கணக்கு; அதில் எனக்குக் குரல் இல்லை.
கூட்டாமல் விட்டால் என்ன ஆகுமென்று
பேதி வார்டில் படுத்து எழுந்தவனுக்குத் தெரியும்.

ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வருகிறேன்.
எனக்கு முன்பே
பதினொரு கிலோமீட்டர் குழாயில் ஓடி
வீடு போய்ச் சேர்ந்துவிட்டது
என் வேலை.

குளியலறைக் கதவடியில் ஆவி கசிகிறது.
உள்ளே செண்பகவடிவு.
கையுறை ஆலையின் ரப்பர் வாடை போக
கொதிக்கக் கொதிக்க அரைமணி நேரம்.
இருமுகிறாள்.
ஒன்று. இரண்டு.
அப்புறம் நான் எண்ணவில்லை.

கிளினிக்கில் டாக்டர் கேட்டார்:
வீட்டில் யாராவது சிகரெட்? பூனை? ஊதுபத்தி?
மூன்றுக்கும் இல்லை என்றாள்.
நான்காவதாக ஒன்றை அவர் கேட்கவில்லை.
பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்,
நானும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் சொன்னார்கள்:
இலை மக்கிய நீரோடு குளோரின் கலந்தால்
புதிதாய் ஒன்று பிறக்கும்.
சூடு பட்டால் நீரை விட்டு எழும்பும்,
மூடிய அறையில் மூச்சோடு உள்ளே போகும்.
‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்றும் சொன்னார்கள்.
இடைவேளையில் நல்ல கறிபாப் கொடுத்தார்கள்.

அவள் இருமல் அதனால்தானா?
தெரியாது.
அந்த ‘அளவு’ எத்தனை பெரிய அறைக்கு என்று
கேட்கத்தான் நினைத்தேன்.
எங்கள் குளியலறை ஐந்தடிக்கு நாலடி.

இன்று ஸ்டூல் போட்டு ஏறி
காற்றுத் துவாரத்தில் அவள் ஒட்டியிருந்த
மைலோ அட்டையைக் கிழித்தேன்.
காற்று வந்தது.
கூடவே எண்ணெய் ஆலையின் புகையும்:
வெந்த குலை, கரி, புளித்த நெடி.

“யாரு அதைப் பிச்சது?”
தலையில் துண்டோடு நிற்கிறாள்.
“அதுக்குத்தானே அடைச்சு வச்சேன்!”

ஒரு பக்கம் அவளுடைய ஆவி,
ஒரு பக்கம் ஊர்ப் புகை,
நடுவில் ஸ்டூல் மேல் நான்,
கையில் பாதி அட்டை.

வடக்கே மறுபடி இடிக்கிறது.
“இறங்குங்க,” என்கிறாள்,
“இப்பவே வாளியில பிடிச்சு
வெளிய தெறந்து வைக்கணும்.
நாளைக்குத் தண்ணி நாறும்.”

இவளுக்கு யார் சொன்னது?