மொட்டைத் தோடம்பழங்கள்

கரடிப்போக்குச் சந்தியில் நவம் அண்ணையின் கடையில்
ஆறு தோடம்பழம் எடுத்தேன்.
கண்ணாடி மாதிரி மினுங்கின. ஒன்றில்
ரியூப் லைற்றும் என் மூக்கும் வளைந்து தெரிந்தன.
எகிப்து என்று ஒட்டியிருந்த வட்டத்தை
அகரன் உரித்துத் தன் நெற்றியில் ஒட்டினான்.

போன வருசம் எனக்குத் தெரியாது.
கழுவித் துடைத்து, அப்படியே துருவிக்
கேக்குக்குள் போட்டேன்,
றெஜினா ரீச்சரின் மூத்தவனின் பிறந்தநாளுக்கு.
ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
காசு தந்தா. மிச்சக்காசு வேண்டாம் என்றா.
பிறகு பத்து மாதம்
அந்த வீட்டிலிருந்து ஒரு ஓடரும் இல்லை.
வெட்டி ஒதுக்கிய கரைத்துண்டைத் தின்று பார்த்தபோது
அணைத்த மெழுகுதிரி ஒன்று
நாக்கில் கிடந்தது.

இப்ப திரும்பவும் வந்திருக்கிறா.
சின்னவள் அனெற்றுக்கு முதல்நன்மை, ஞாயிறு காலமை.
"தோடம்பழக் கேக்தான்" என்றா.
ஏன் அதையே கேட்டா என்று
நானும் கேட்கவில்லை.

இம்முறை முதலில் நகம்.
பெருவிரல் நகத்தால் ஒரு கோடு கீற
வெள்ளையாய்ச் சுருண்டு வந்தது,
பழத்துக்குச் சொந்தமில்லாத தோல்.
கேத்தில் கொதித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணி,
கேத்திலுக்குள்ளும் சுண்ணாம்புப் பொருக்கு வைப்பது.
வடிதட்டில் பழங்களை அடுக்கி
மேலால் ஊற்றினேன், பத்து எண்ணும்வரை.
உப்புத்தூளும் ஒரு துண்டுத் தும்பும் எடுத்து
பிள்ளையின் முழங்கால் ஊத்தை உரஞ்சுகிற மாதிரி
உரஞ்சினேன்.
மினுக்கம் போய்விட்டது. துளைதுளையாய்,
கொஞ்சம் களைத்த முகத்தோடு இருந்தன.
அப்போதுதான் மணந்தது.
குசினி முழுக்க மணந்தது. முற்றத்தில் படுத்திருந்த நாய்
எழும்பித் தும்மியது.

துருவலையின் சின்னக் கண்ணில், மெல்ல.
செம்மஞ்சள் மட்டும்.
வெள்ளை தெரிந்தால் பழத்தைத் திருப்பிவிட வேணும்,
வெள்ளை கசக்கும்.
சீனிக்குள் கொட்டி விரலால் பிசைய
சீனி ஈரமாகி மணல் நிறம் கொண்டது.
அன்றைக்குக் கரண்டும் போகவில்லை.

ஞாயிறு கோயிலில் பின்வாங்கில் நின்றேன்.
அனெற்றின் வெள்ளைக் கையுறையில்
மெழுகுதிரி ஒரு சொட்டு விட்டது.
அவள் அசையவில்லை. பிரசங்கம் முடியும்வரை
மற்றக் கையின் நகத்தால்
அதைக் கிளப்பிக்கொண்டே இருந்தாள்.

ரீச்சர் கேக் துண்டை வாயில் வைக்கமுதல்
மூக்கடிக்குக் கொண்டுபோனா.
கொண்டுபோனதை நான் கண்டேன்,
நான் கண்டதை அவ கண்டா.
"இந்தமுறை பழம் வேறயோ?"
"அதே கடைதான், ரீச்சர்."

வீட்டு மேசையில் ஆறு மொட்டைப் பழங்கள்.
ஒரு நாளைக்கு இரண்டென்று
இரவுச் சோற்றுக்குப் பிறகு நானும் அகரனும் தின்றோம்.
இரண்டாம் நாள் இறுகத் தொடங்கின.
மூன்றாம் நாள் தட்டினால் மரச்சத்தம்.
கிழமைக்கணக்காய்க் கப்பலில் கிடந்தும்
ஒரு சுருக்கம் விழாமல் வந்த பழங்கள்.
மெழுகைப் பற்றி நான் நினைத்ததில்
பாதியைத் திருப்பி எடுக்கவேண்டி வந்தது.

கடைசி இரண்டையும் கத்தியால்தான் வெட்ட முடிந்தது.
உள்ளே சாறு அப்படியே இருந்தது.
ஒன்றின் மொட்டைத் தலையில்
அகரன் அந்த வட்டத்தைத் திரும்ப ஒட்டியிருந்தான்,
சோற்றுப் பருக்கையால்.