பாண்டி பாண்டி பாண்டி

பதினோரு வருஷமாய் விசில் ஊதிய வாய்.
ஒன்று நிற்க, இரண்டு போக.
அதற்கு உறிஞ்சத் தெரியாது.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
ஒற்றைச் செருப்புகளுக்கும் செத்த சார்ஜர்களுக்கும் நடுவே
கிடந்தது மவுத்தார்கன்.
முந்நூறு சொன்னான், நூற்றெண்பதுக்குத் தந்தான்.
ஏழாம் துளை பேசாது.
பரவாயில்லை,
எனக்கு வேண்டியது இடது ஓரத்து நாலு துளை.

போனில் ஒரு பழைய பதிவு, கீறல் விழுந்தது.
யாரோ ஒருவர்,
எந்தப் பருத்திக்காட்டைத் தாண்டிப் போகிற ரயிலோ,
அதை வாய்க்குள் வைத்து ஓட்டுகிறார்.
பாட்டே இல்லை. இன்ஜின், சக்கரம், மூச்சு.
ப்ளூஸ் என்று எழுதியிருந்தது.

என்னிடம் ரயில் கிடையாது.
பாவாடை ஓட்டுகிற தனியார் வண்டிதான்.
பத்தே முக்காலுக்குக் கடைசி நடை முடிந்து
அவன் இன்ஜின் பெட்டி மேல் துண்டை விரித்ததும்
நான் கடைசி சீட்டுக்குப் போவேன்.

மேலே ‘சி’ என்று பொறித்திருக்கிறது.
ஆனால் ப்ளூஸுக்குப் பிடிக்கவேண்டிய வீடு ‘ஜி’.
இது எனக்குப் புரிந்தது.
போர்டில் கடலூர் என்று தொங்கும்போதே
பாண்டிக்குப் போன நாள் உண்டு.

புரியாதது அடி.
முதல் வாரம் தட்டையாக வந்தது,
புதுசாய்ப் போட்ட பைபாஸ் மாதிரி, தூக்கம் வரும்.
அந்த ஆளுடையது சம அடி இல்லை.
நீண்டு, குறுகி, நீண்டு, குறுகி,
ஒரு கால் செருப்பு அறுந்தவன் நடை.
எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று குடைந்தது.

மறுநாள் காலை படியில் தொங்கிக்கொண்டு
நானே கத்திக்கொண்டிருந்தேன்:
பாண்டி பாண்டி பாண்டி பாண்டி.
பாண், நெட்டை. டி, குட்டை.

அன்றிரவு
பாண் என்று உள்ளே இழுத்தேன்.
டி என்று வெளியே விட்டேன்.
உள்மூச்சில் ஊர்ப்பெயர் சொல்வது
தேம்பி அழுகிற பிள்ளைக்குச் சுலபம்.
எனக்கு மூன்று வாரம் ஆனது.

தவளக்குப்பம், நாக்குக்கு.
துளையை நாக்கால் மூடி, சட்டென்று எடுக்க,
தகரத்தில் உள்ளங்கை அறைந்தாற்போல் ஒரு கொத்து சத்தம்.
கிருமாம்பாக்கம் இன்னும் இடறுகிறது.

இழுத்து இழுத்து
நெஞ்சு காலை எட்டரை வண்டியாகிவிடும்.
ஏற்றினால் மட்டும் போதாது,
மூக்கு வழியாக நாலு பேரை இறக்கிவிட வேண்டும்.
இதை எவனும் சொல்லித்தரவில்லை,
ரெட்டிச்சாவடி கிட்ட தலை சுற்றிய அன்று தெரிந்தது.

அஞ்சலாட்சி போனில் கேட்டாள்:
“என்னா, இளைக்குதா உனக்கு?”

கையைக் குவித்து வாயோடு பொத்தி
மெல்லத் திறந்தால்
அது ‘வா’ என்கிறது.
உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத
என்றே நாளெல்லாம் கத்துகிறவன்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.
வா. வா.
காலி சீட்டுகள்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நேற்று
வண்டியை ஓரங்கட்டினார்கள்.
பை பையாகத் தடவி வந்த போலீஸ்காரர்
என் சட்டைப் பை புடைப்பில் நின்றார்.
“குவாட்டரா?”
எடுத்துக் காட்டினேன்.
திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.
“வாசி.”

முப்பது பயணிகள், கொசு, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின்.
வாசித்தேன்.
பாண்டி பாண்டி பாண்டி பாண்டி.
தவளக்குப்பத்தில் நாக்கு சரியாக விழுந்தது.
முன்சீட்டு மீன்கூடைக்காரம்மா
பல் குத்துவதை நிறுத்தினாள்.

அவர் காத்திருந்தார்.
நான் காத்திருக்கவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தேன்.
“பாட்டு எங்கடா?”

“பாட்டு இன்னும் வரல சார்.
வண்டி மட்டுந்தான் வந்திருக்கு.”

பாவாடை கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
விசிலைத் தேடவில்லை நான்.
இரண்டாம் துளையில் இரண்டு இழு.
கியர் விழுந்தது.