மூன்றிலிருந்து மூன்று வரை

ஆரப்பாளையம் டைம் ஆபீசில் எனக்கு ராத்திரி டூட்டி.
உசிலம்பட்டி போகும் எங்கள் கம்பெனி வண்டிக்கு
ஊர்களை ஒரு லிஸ்டில் போட்டு வைத்திருக்கிறேன்:
ஆரப்பாளையம், காளவாசல், நாகமலை,
செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி.
எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். அது பழகிவிட்டது.
பழகாதது இந்த 'வரை'.

ஒன்றிலிருந்து மூன்று வரை வெட்டு என்றால்
காளவாசல் போகும், நாகமலை போகும்,
மூன்றாம் எண்காரி செக்கானூரணி அசையாமல் நிற்பாள்.
"அதெப்பிடி? செக்கானூரணி வரைக்கும்னு டிக்கெட் கிழிச்சா
செக்கானூரணியில எறக்கித்தானே விடுறோம்?"
கண்டக்டர் ஒச்சப்பன் கேட்பதில் நியாயம் உண்டு.
கத்தி ஊர் மேல் விழாதுண்ணே,
ஊருக்கும் ஊருக்கும் நடுவில் விழும் என்றேன்.
"நடுவுல என்ன இருக்கு, கருவேலம்"
என்று டீக்கிளாஸை வைத்தார்.

காளவாசலில் பள்ளம் தோண்டிய வாரம்
அந்த இரண்டையும் எடுத்த இடத்தில்
ஒன்றே ஒன்று வைத்தேன்: பைபாஸ்.
இரண்டுக்கு இரண்டு கொடு என்று அது கேட்கவில்லை.
சீட்டில் ஆள் இறங்கியதும் நகர்ந்து உட்காருவதுபோல
பின்னால் இருந்த ஊர்கள் ஓர் எண் முன்னுக்கு வந்தன.
செக்கானூரணி இப்போது இரண்டு.
கருமாத்தூர் மூன்று.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே,
ஒச்சப்பன் கருவேலம் என்ற இடத்தில்,
ஒரு நூல் மில்.
பத்து மணிக்கு ஷிப்ட் விட்டு வரும் பின்னியக்காள்
தூக்குவாளியோடு செக்கானூரணிக்குத் திரும்பி நடப்பாள்.
அங்கே ஏறிய கடைசி வண்டி
அவளை வைத்துக்கொண்டு
அதே மில் வாசலைத் தாண்டிப் போகும்.
நாலு வருசமாய் மனு.
நேற்றுத்தான் முதலாளி, "சரி, போட்டுத் தொலை."

மூன்றிலிருந்து மூன்று வரை என்று எழுதினேன்.
அகலமே இல்லாத துண்டு அது.
யாரையும் இறக்காது, வாயை மட்டும் திறக்கும்.
அதில் 'மில் கேட்' என்று போட்டேன்,
சதுர அடைப்பை மறந்து.

சொல் எழுத்தெழுத்தாய் இறங்கிவிட்டது.
ம ஒரு நிறுத்தம்.
அதன் மேல்விலங்கு கழன்று அடுத்த நிறுத்தம்.
பிறகு ல. அதன் புள்ளி தனியே, இருட்டில்.
இரண்டு சொல்லுக்கு நடுவில் விட்ட வெற்றிடமும் ஓர் ஊர்.
க, அதன் இரட்டைக்கொம்பு, ட, இன்னொரு புள்ளி.
ஐந்து ஊர் இருந்த வழியில் பதினான்கு.
பிளாட்பாரத்து போர்டில் எல்லாம் சிவப்பாய் ஓடியது.
"புள்ளிக்கெல்லாம் விசில் அடிக்கணுமாத்தா?"

மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை
ஒன்பதையும் அள்ளி எடுத்து
அடைப்புக்குள் முழுசாய் ஒரு பெயரை வைத்தேன்.
ஆறு ஊர். போர்டு உடனே திருந்தியது;
அது பார்ப்பது இதே லிஸ்டை.

ஒச்சப்பன் சட்டைப்பையில் இருந்தது
சாயங்காலம் நான் எடுத்துக் கொடுத்த நகல்.
நகலுக்குச் சேதி போகாது.
எனக்கு அது உறைத்தபோது ஒன்பது ஐம்பது வண்டி
ஆற்றுப்பாலம் பக்கம் திரும்பிவிட்டது.
போன் அடித்தேன். எடுக்கவில்லை.
அன்றைக்கும் அவள் நடந்திருக்கிறாள்.

மறுநாள் ராத்திரி காகிதத்தைக் காட்டினார்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்,
ஊதாப் பேனாவில், சாய்ந்து நெருங்கி,
கருமாத்தூரின் தலையில் இடித்துக்கொண்டு
மில் கேட்.
காகிதத்தில் ஊர்கள் நகர்ந்து இடம் விடுவதில்லை.
"நிப்பாட்டுறேன், எழுதிக்க" என்றார்.